வியாசர்பாடிப் பக்கம் பசங்க ஐரோப்பியக் கால்பந்து கிளப்புகளின் கோடை சைனிங்குக்கு, அதாவது புது ஆள் வாங்கலுக்கு, இப்படிக் குதிக்கிறார்களே, புது ஆள் தேறுவானா மாட்டானா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

கேள்வியில் நக்கல் இருக்கிறது. அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். "மான்செஸ்டரில் எவனையோ வாங்கினால் வியாசர்பாடியில் எதற்குப் பட்டாசு" என்று விளக்கத்தில் ஒரு குத்து குத்திவிட்டு, அப்புறம் ஆளை எடை போட வழி கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் ஒரு தம்பியோ மகனோ இருக்க வேண்டும். ஜூன் மாதத்திலிருந்து போனைக் கீழே வைத்திருக்க மாட்டான். செப்டம்பர் 1 ராத்திரி பதினொன்றரைக்குக் கத்தி உங்களை எழுப்பியிருப்பான். 2025இல் இங்கிலாந்தின் பெரிய லீக்கான பிரீமியர் லீக்கில் வாங்கல் விற்கலுக்கு அங்கே மாலை 7 மணியோடு கதவைச் சாத்தினார்கள். நமக்கு அது இரவு 11.30.

பட்டாசுக்கு முதலில். புளியந்தோப்பு, வியாசர்பாடி, பெரம்பூர், அயனாவரம் பக்கம் கால்பந்து டிவி வழியாக வந்து இறங்கிய சரக்கு கிடையாது. உள்ளூர் லீக்கில் கண்ணில் படுகிற மாதிரி ஆடுகிற பையனை ரயில்வேயோ ஐசிஎஃப்போ ஒரு வங்கியோ எடுத்துக்கொண்டால், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு குடும்பமே கரையேறும். ஒருத்தனை ஒரு டீம் எடுப்பது எவ்வளவு பெரிய சமாச்சாரம் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

சத்தம் போடுவதில் குற்றமில்லை. எதைப் பார்த்துச் சத்தம் போடுகிறார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை. எல்லாரும் விலையைப் பார்க்கிறார்கள். விலை கடைசியாகப் பார்க்க வேண்டியது. 2018 கோடையில் லிவர்பூல் அலிசனை சுமார் 6.7 கோடி பவுண்டு வரை போகக்கூடிய ஒப்பந்தத்தில் ரோமாவிடமிருந்து எடுத்தது. அன்றைக்கு அவர்தான் உலகிலேயே விலை கூடிய கீப்பர். சில வாரத்திலேயே செல்சி, கெப்பாவை 7.16 கோடி பவுண்டுக்கு எடுத்து அதைத் தாண்டியது. அலிசன் வந்த முதல் சீசனில் சாம்பியன்ஸ் லீக், அடுத்ததில் லீக் பட்டம். கெப்பா 2020இல் மெண்டியிடம் இடத்தை இழந்தார், அப்புறம் வாடகை ஆளாக ஊர் ஊராகச் சுற்றினார், 2025இல் ஆர்சனல் அவரை 50 லட்சம் பவுண்டுக்கு எடுத்து ரிசர்வில் வைத்தது. ஒரே கோடை, ஒரே இடம், ஏறக்குறைய ஒரே விலை. விலையை வைத்து என்ன கண்டுபிடித்திருப்பீர்கள்?

அப்படியானால் எதைப் பார்ப்பது? முதலில், செய்தி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நம் பசங்க அடித்துக்கொள்வதில் முக்கால்வாசி, நடக்கவே போகாத வியாபாரத்துக்காக. 'ஆர்வம் காட்டுகிறது' என்று வந்தால் அதற்கு மதிப்பு பூஜ்யம். பல சமயம் ஏஜென்ட் தன் ஆளுக்கு இருக்கிற கிளப்பிலேயே சம்பளம் ஏற்றிக்கொள்ள விட்ட புரளியாக இருக்கும். அடுத்து, வாங்குகிற கிளப் தருவதாகச் சொன்ன விலை எழுத்தில் போனதா. அடுத்து, ஆட்டக்காரனோடு சம்பளம் பேசி முடிந்ததா. பிறகு இரண்டு கிளப்புக்கும் விலை, தவணை, போனஸ் எல்லாம் ஒத்துப்போனதா. ஆள் வாங்கல் செய்திக்கே பேர்போன நிருபர் ஃபாப்ரிசியோ ரொமானோ 'ஹியர் வீ கோ' போடுவது இந்த இடத்தில்தான். அதற்கு அப்புறமும் மெடிக்கல் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, வெளிநாட்டு கிளப்பிலிருந்து வருகிற ஆள் என்றால் ஃபிஃபாவின் கணினி வழியாக சர்வதேச மாற்றுச் சான்றிதழ் இருக்கிறது. இங்கிலாந்துக்கு என்றால் பிரெக்ஸிட்டுக்குப் பிறகு 15 புள்ளி தேற வேண்டிய வேலை அனுமதியும் உண்டு.

இதில் எந்தப் படியிலும் காலை வாரும். 2000இல் வான் நிஸ்டல்ராய் முழங்காலால் மான்செஸ்டர் யுனைட்டெட் மெடிக்கலில் விழுந்தார், ஓராண்டு கழித்துத்தான் வந்தார். 2015இல் டி ஹேயா ரியல் மாட்ரிட் போகவேண்டியது, காகிதம் நேரத்துக்குப் போய்ச் சேராமல் நின்றது. 2017இல் லெஸ்டர், ஏட்ரியன் சில்வாவைப் பதிவு செய்யும்போது 14 நொடி தாமதம். 14 நொடிக்காக ஜனவரி வரை அவரை ஆடவிடவில்லை. அதனால் கிளப்பின் சொந்தப் பக்கத்தில் அறிவிப்பு வரும்வரை மச்சான், மாமா என்று கட்டிப்பிடிக்க வேண்டாம் என்று தம்பிக்குச் சொல்லுங்கள்.

விலை எவ்வளவு என்று அடித்துக்கொள்வதற்கும் ஒரு வழி சொல்கிறேன். விற்கிற கிளப் பங்குச்சந்தையில் இருக்கிறதா பாருங்கள். போர்ச்சுகலின் பென்ஃபிகா, ஸ்போர்ட்டிங், போர்ட்டோ, ஜெர்மனியின் டோர்ட்மண்ட், இத்தாலியின் யுவெண்டஸ், ஹாலந்தின் அயாக்ஸ் எல்லாம் அப்படி. பெரிய விற்பனை என்றால் முதலீட்டாளர்களுக்கு எழுத்தில் சொல்லியாக வேண்டும். பெல்லிங்ஹாம் மாட்ரிட்டுக்குப் போனபோது 10.3 கோடி யூரோ நிச்சயத் தொகை, அதற்கு மேல் போனஸ் என்று டோர்ட்மண்டே சொன்னது. ஆண்டனியை 9.5 கோடி யூரோவுக்கு விற்றதாக, மேலே 50 லட்சம் வரலாம் என்று அயாக்ஸ் சொன்னது. நிச்சயத் தொகையையும் போனஸையும் கூட்டி ஒரே விலையாகப் போடுகிற ஆட்களோடு வாதமே வேண்டாம். போனஸ் என்பது இத்தனை ஆட்டம் ஆடினால், இந்தக் கோப்பை ஜெயித்தால் என்று நிபந்தனையில் தொங்குவது. பல போனஸ் கடைசிவரை கைக்கு வருவதே இல்லை.

இப்போது முக்கியமானது. ஒப்பந்தம் எத்தனை வருடம்?

கிளப்பின் கணக்குப் புத்தகத்தில் விலை மொத்தமாக ஏறாது, ஒப்பந்த ஆண்டுகளால் வகுத்து ஏறும். 10 கோடி பவுண்டுக்கு 5 ஆண்டு என்றால் ஆண்டுக்கு 2 கோடி. இரண்டு ஆண்டு கழித்து அந்த ஆளின் புத்தக மதிப்பு 6 கோடி. அப்போது 5 கோடிக்கு விற்றால் 1 கோடி நஷ்டம் என்று எழுத வேண்டும். சரியாக ஆடாத ஒருத்தனை "வித்துத் தொலைங்கடா" என்று பசங்க கத்துகிறார்களே, கிளப் ஏன் விற்காமல் மூன்றாம் ஆண்டுவரை வைத்திருக்கிறது என்பதற்கு விடை பெரும்பாலும் இந்தக் கழித்தல் கணக்குதான். 2023 ஜனவரியில் செல்சி என்சோ ஃபெர்னாண்டஸை 10.68 கோடி பவுண்டுக்கு எடுத்து எட்டரை ஆண்டு ஒப்பந்தம் போட்டது. ஆண்டுக்கு சுமார் 1.26 கோடிதான் கணக்கில் ஏறும். ஐந்தாண்டு என்றால் 2.14 கோடி ஏறியிருக்கும். எல்லாரும் இதையே ஆரம்பித்துவிடுவார்கள் என்று ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஏஃபா 2023 கோடையிலும், பிரீமியர் லீக் அந்த டிசம்பரிலும், ஒப்பந்தம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் கணக்கில் 5 ஆண்டுக்கு மேல் பிரிக்கக்கூடாது என்று கட்டிப்போட்டன.

இதோடு சேர்ந்ததுதான் நம் பசங்க அழுகிற இன்னொரு விஷயம். சொந்த அகாடமியில் வளர்ந்தவனை ஏன் விற்கிறார்கள்? அவனுக்கு விலை கொடுத்து வாங்கவில்லை, புத்தக மதிப்பு ஏறக்குறைய பூஜ்யம். விற்ற பணம் முழுக்க லாபம். மவுண்டை செல்சி 5.5 கோடி பவுண்டுக்கு யுனைட்டெட்டுக்கு விற்றதும், மெக்டொமினேயை யுனைட்டெட் சுமார் 2.5 கோடிக்கு நாப்போலிக்கு விற்றதும் இந்தக் கணக்கில் சேரும். மெக்டொமினே போன முதல் சீசனிலேயே இத்தாலிப் பட்டமும் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கியது யுனைட்டெட் ரசிகர்களுக்கு இன்னும் எரிகிற புண், அதைக் கிளறவில்லை. மூன்று ஆண்டில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டினால் புள்ளி வெட்டு என்று பிரீமியர் லீக்கில் 2025-26 சீசன் வரை இருந்த விதி வெறும் மிரட்டலாக இருக்கவில்லை. 2023-24இல் எவர்ட்டனுக்கு இரண்டு தடவையாக மொத்தம் 8 புள்ளி, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கு 4 புள்ளி போனது.

வயதையும் ஒப்பந்தத்தையும் சேர்த்துப் பாருங்கள். 2022இல் 30 வயதில் வந்த கசமீரோவுக்கு நான்கு ஆண்டு. திரும்ப விற்று ஒரு காசு எடுக்க முடியாது, முழுத் தொகையும் ஆட்டத்திலேயே திரும்பி வந்தாக வேண்டும். 21 வயதுப் பையனுக்கு அதே தொகை கொடுத்தால் ஓரளவு சொதப்பினாலும் பாதிக்காவது விற்கலாம். "வயசான ஆளை வாங்காதே" என்று நான் சொல்லவில்லை, அவசரப்பட்டுக் கமெண்ட் போடாதீர்கள். விற்க முடியாத பொருள் என்று தெரிந்துகொண்டு வாங்கு என்கிறேன்.

அப்புறம் ஆள் எப்படி ஆடுவான் என்ற கேள்வி. யூடியூப் தொகுப்பு வீடியோவைத் தம்பி காட்டினால் பார்க்காதீர்கள். ஐந்து நிமிட வீடியோவில் யாரும் ரொனால்டினோதான். முழுத் தொண்ணூறு நிமிட ஆட்டம் ஒன்று தேடி, பந்தை இழந்த அடுத்த ஐந்து நொடியில் என்ன செய்கிறான் என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு டிரான்ஸ்ஃபர்மார்க்ட் இணையதளத்தில் ஆளின் பக்கத்தைத் திறந்து, கடைசி மூன்று சீசனில் லீக்கில் எத்தனை நிமிடம் ஆடினான் என்று பாருங்கள். 38 ஆட்டம் முழுக்க ஆடினால் 3,420 நிமிடம். மூன்றில் இரண்டு சீசன் 2,000க்குக் கீழே என்றால், காயப் பட்டியலைத் திறந்து ஒரே தசை, ஒரே முழங்கால் திரும்பத் திரும்ப வருகிறதா பாருங்கள். தனித்தனி காயம் என்றால் கெட்ட நேரம். ஒரே இடம் என்றால் மறுபடி வரும். கோல் எண்ணிக்கையில் பெனால்ட்டியைக் கழித்துவிடுங்கள், அதைப் புது டீமில் வேறொருத்தன் அடிப்பான். மிச்சத்தை 90 நிமிடத்துக்கு எத்தனை என்று போடுங்கள்.

எந்த லீக்கிலிருந்து வருகிறான் என்பதும் கணக்கில் வரும், ஆனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. போர்ச்சுகலிலிருந்து புரூனோ ஃபெர்னாண்டஸ் வந்து யுனைட்டெட்டைத் தோளில் தூக்கினார். அதே போர்ச்சுகலிலிருந்து லிவர்பூல் எடுத்த நூன்யேஸ் மூன்று சீசனில் சவூதிக்குப் போனார். கியோகெரஷ் ஸ்போர்ட்டிங்கில் 102 ஆட்டத்தில் 97 கோல் அடித்துவிட்டு 2025இல் ஆர்சனலுக்கு வந்தார். அந்த 97ஐ அப்படியே வடக்கு லண்டனில் எதிர்பார்ப்பவன் ஏமாறுவான். அங்கே முன்னால் ஓடிப்போக இடம் கிடைத்தது, இங்கே எதிர் டீம் பத்துப் பேரோடு பெனால்ட்டி பெட்டிக்குள் குந்திக்கொள்ளும்.

இடம் என்று சொன்னேன் இல்லையா, எனக்கு எல்லாவற்றையும்விட இதுதான் பெரியது. வாங்கிய ஆள் நல்லவனா என்பதைவிட, டீமில் ஓட்டை எங்கே இருக்கிறது, ஆளை எங்கே போட்டார்கள் என்று பாருங்கள். 2025 கோடையில் லிவர்பூல் 40 கோடி பவுண்டுக்கு மேல் கொட்டியது. விர்ட்ஸ், எக்கிட்டிகே, கெர்கெஸ், ஃப்ரிம்பாங், கடைசி நாளில் 12.5 கோடிக்கு ஈசாக். தெருவெல்லாம் ஒரே கெத்து. ஆனால் நடுத் தடுப்புக்கு கிரிஸ்டல் பேலஸின் கேயியைக் கொண்டுவருகிற ஒப்பந்தம் அதே கடைசி நாளில் முறிந்தது, ஏனென்றால் பேலஸுக்குப் பதில் ஆள் கிடைக்கவில்லை. அந்த இலையுதிர் காலத்தில் லிவர்பூல் வரிசையாகத் தோற்றபோது "ஈசாக் தண்டம், விர்ட்ஸ் தண்டம்" என்று ஓட்டினார்கள். ஈசாக் நியூகாசிலோடு தகராறில் சீசனுக்கு முந்தைய பயிற்சியையே தவறவிட்டு வந்தவர். ஆறு வாரம் ஓடாத கால் செப்டம்பரில் எப்படி ஓடும்? லிவர்பூல் ரசிகர்கள் இதை என் சாக்குப்போக்கு என்பார்கள், மற்றவர்கள் நான் லிவர்பூல் ஜால்ரா என்பார்கள். இரண்டு பக்கமும் ஓர் அடி அடித்துவிட்டுப் போங்கள்.

தீர்ப்புக்கு எவ்வளவு நாள் தரலாம் என்றால், குறைந்தது அக்டோபர் கடைசி. ஃபபின்யோ 2018இல் லிவர்பூலுக்கு வந்து லீக்கில் முதல் முறை தொடக்கத்திலிருந்து ஆடியது அக்டோபர் கடைசியில்தான். 80 லட்சம் பவுண்டுக்கு 2017இல் வந்த ராபர்ட்சன் நிலையான இடம் பிடிக்க டிசம்பர் ஆனது.

மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன். பிரீமியர் லீக் பட்டியலில் 25 பேர், அதில் உள்நாட்டில் வளராதவர்கள் 17க்கு மேல் கூடாது. 21 வயதுக்குக் கீழுள்ளவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். பதினெட்டாவது வெளி ஆளை வாங்கினால் ஒருத்தன் வீட்டில் உட்காரவேண்டும், யார் என்று முதலிலேயே பாருங்கள். லோனில் 'விரும்பினால் வாங்கலாம்' வேறு, 'வாங்கியே ஆகவேண்டும்' வேறு. இரண்டாவதையும் கண்ணை மூடி நம்பாதீர்கள்: சான்சோவை வாங்கியே ஆகவேண்டிய செல்சி, 2025இல் 50 லட்சம் பவுண்டு அபராதம் கட்டிவிட்டுத் திருப்பி அனுப்பியது. சம்பளத்தை ஒப்பிடும்போது இங்கிலாந்தில் வாரக் கணக்கு, வரிக்கு முன். இத்தாலிச் செய்திகளில் பெரும்பாலும் ஆண்டுக் கணக்கு, வரி போக. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓட்டுகிறவன் கணக்கில் வீக்.

இப்போது கேட்காத ஒன்று, கோபம் அடங்கவில்லை. ஓர் ஆட்டக்காரன் ஒப்பந்தம் முடியுமுன் நாடு விட்டு நாடு விற்கப்பட்டால், விலையில் 5 சதவீதம் அவனை 12 வயதிலிருந்து 23 வயதுவரை வளர்த்த கிளப்புகளுக்குப் போகவேண்டும் என்பது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வயது வரை ஆண்டுக்குக் கால் சதவீதம், 16லிருந்து அரை சதவீதம். 1 கோடி பவுண்டு விற்பனையில், முதல் நான்கு ஆண்டு வளர்த்த ஒரு சின்ன கிளப்புக்கு 1 லட்சம் பவுண்டு, நம் பணத்தில் ஒரு கோடிக்கு மேல். ஐரோப்பாவில் குக்கிராமத்து கிளப்புகள் இதில் மைதானத்துக்கு லைட் போட்டுக்கொள்கின்றன. வடசென்னையில்? 12 வயதுப் பையன் எந்த கிளப்புக்கு ஆடினான் என்பதற்குக் காகிதமே இருக்காது. காலையில் ஒரு கிரவுண்டு, மாலையில் ஒரு கிரவுண்டு, டோர்னமெண்டுக்கு வேறு டீம், பெயர் மாற்றி, சில சமயம் வயது மாற்றி. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பான ஏஐஎஃப்எஃப் பதிவில் அவன் பெயர் ஏறும்போது 17, 18 ஆகிவிடும். அதுவரை வெயிலில் நின்று பந்து பொறுக்கிப்போட்டு, சொந்தக் காசில் பூட்ஸ் வாங்கித் தந்த கோச்சின் நான்கு ஆண்டு கணக்கிலேயே இல்லை. பதிவு செய்துதரக் கேட்டால், அதற்கென்றே உட்கார்ந்திருக்கிற ஆட்கள் அடுத்த வாரம் வா என்பார்கள். நம் ஊர்ப் பையன் நாளைக்கு வெளிநாட்டுக்குப் போனால் அந்தப் பணம் இங்கே வந்து சேர வழி இல்லை. நாட்டின் பெரிய லீக்கான ஐஎஸ்எல்லே 2025-26இல் உரிமை ஒப்பந்தச் சிக்கலில் தள்ளிப்போய் நின்ற ஊரில் இதைப் பேசினால் "கனவு காண்கிறான்" என்பார்கள். பேசட்டும். கோச்சாக இருப்பவர் இதைப் படித்தால், பையன் 12ஐத் தொடும்போதே பிறப்புச் சான்றிதழோடு கிளப் பெயரில் பதிவு போட்டு, நம்பரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் வீட்டுத் தம்பிக்கு. அறிவிப்பு வந்த அன்றே மூர் மார்க்கெட்டுக்கு ஓடிப்போய்ப் புது ஆள் பெயரில் ஜெர்சி அச்சடிக்க வேண்டாம். நம்பர் பிறகுதான் வரும், பழைய ஆள் வெளியே போனால் மாறவும் மாறும். லிவர்பூலில் 7 என்று லூயிஸ் டியாஸ் பெயரை அடித்தவன், அவர் பயர்னுக்குப் போய் அந்த 7 விர்ட்ஸுக்குப் போனதும் என்ன செய்தான்? கிளப் பக்கத்தில் நம்பர் பட்டியல் வந்த பிறகு, பெயரின் எழுத்தை அங்கிருந்து அப்படியே காட்டி அடிக்கச் சொல்லுங்கள். கியோகெரஷ் பெயரில் மேலே இரண்டு புள்ளி உண்டு, காப்பி ஜெர்சியில் முதலில் விட்டுப்போவது அதுதான். சூட்டில் ஒட்டுகிற பெயர், நம்பரை நம் ஊர் வியர்வையோடு அப்படியே சுருட்டிப் போட்டால் ஓரம் உரியும். ஆடி முடித்ததும் உள்புறம் வெளியே திருப்பிப் பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடணும். நம்பர் மேல் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது.